'நோ' போட்ட ஃபிளாக் எல்லாம் 'நோ' சொல்லாது: லினக்ஸின் ஜிஎஃப்பி பெயர்கள்

பழைய லினக்ஸ் சர்வர் ஒன்றின் டி-மெசேஜை, அதாவது லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் லாகை, திறந்தால் இப்படி ஒரு வரி இருக்கும்: "பேஜ் அலோகேஷன் ஃபெய்லியர், ஆர்டர் 0, மோட் ஹெக்ஸ் 20". 4.4 கெர்னலில் அதே தோல்வி 2080020 என்று வரும். 5.x-இல் ஏ20. இன்றைய 6.x-இல் 820. நாலும் ஒரே கோரிக்கைதான்: ஜிஎஃப்பி_அடாமிக், அதாவது 'தூங்கிக் காத்திருக்க முடியாது, உடனே மெமரி கொடு'. ஜிஎஃப்பி ஃபிளாக் என்பது கெர்னலில் மெமரி கேட்கும்போது அதை எப்படித் தர வேண்டும் என்று சொல்லும் குறிப்பு. பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பிட்டுகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 2016-இல் வந்த 4.6-இலிருந்து எண்ணுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் பெயரையும் கெர்னல் அச்சிட்டுவிடுகிறது. அதற்கு முன்னால் அந்தந்த வெர்ஷனின் ஹெடர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கூட்டிப் பார்ப்பது கஷ்டமான வேலை இல்லை. எண்கள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறை அடியாகக் கொண்டவை. இன்றைய கெர்னலில் ஹெக்ஸ் 20 என்பது __ஜிஎஃப்பி_ஹை, 40 என்பது __ஜிஎஃப்பி_ஐஓ, 80 என்பது __ஜிஎஃப்பி_எஃப்எஸ், 400 என்பது டைரக்ட் ரீகிளெய்ம் (கேட்கிறவனே காத்திருந்து பக்கங்களை மீட்பது), 800 என்பது கே-ஸ்வாப்-டி ரீகிளெய்ம் (கே-ஸ்வாப்-டி என்ற பின்னணி வேலையாளை எழுப்பி மீட்கச் சொல்வது). ஜிஎஃப்பி_கெர்னலில் 400, 800, 40, 80 நாலும் உண்டு. நாலும் எட்டும் பன்னிரண்டு, ஹெக்ஸில் பன்னிரண்டு 'சி'. ஆகவே மோட் 'சிசி0' என்று பார்த்தால் அது ஜிஎஃப்பி_கெர்னல். 'சி40' என்றால் எஃப்எஸ் பிட் இல்லை, அது ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ். வெறும் 'சி00' என்றால் ஜிஎஃப்பி_நோஐஓ. மெமரி தீர்ந்தால் புரோகிராமைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் விட்டுச்செல்லும் வரியில் அடிக்கடி கண்ணில் படும் '100சிசிஏ'வையும் இதே மாதிரி பிரிக்கலாம்: சிசி0, கூடவே 8 மூவபிள், 2 ஹைமெம் (இரண்டும் சேர்ந்து 'ஏ'), மேலே 100000 ஹார்ட்வால். மொத்தம் ஜிஎஃப்பி_ஹையூசர்_மூவபிள், அதாவது சாதாரண புரோகிராம் ஒன்று தன் பக்கத்தைத் தொட்டபோது மெமரி கிடைக்கவில்லை.

ஜிஎஃப்பி என்றால் 'கெட் ஃப்ரீ பேஜஸ்'. பழைய ஃபங்ஷன் ஒன்றின் பெயர் ஃபிளாக்குகளுக்கு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டுவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது அண்டர்ஸ்கோர்கள். முன்னால் மூன்று இருந்தால் அது வெறும் முழு எண், மற்ற ஹெடர்களும் பிரீபிராசஸரும் எடுத்துக்கொள்வதற்காக வைத்தது. டிரைவர் கோடில் அதைத் தொடக்கூடாது. இரண்டு இருந்தால் ஒரு தனி பிட், ஜிஎஃப்பி_டி என்ற டைப் பூட்டப்பட்டது. ஒன்றும் இல்லாமல் தொடங்கினால் அது பிட்டுகளின் கூட்டு, அன்றாடம் பயன்படுத்த வேண்டியது. இந்த மூன்றடுக்கு வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கோடைப் படித்துப் படித்துத்தான் பிடிபடும்.

டைப் பூட்டியதற்குக் காரணம் உண்டு. கெர்னலுக்குள் மெமரி கேட்கும் கே-மலாக் ஃபங்ஷனுக்கு முதலில் அளவு, பிறகு ஃபிளாக். யாராவது இடம் மாற்றி ஜிஎஃப்பி_கெர்னலை முதலிலும் 64-ஐ இரண்டாவதாகவும் எழுதிவிட்டால் சி கம்பைலர் வாயே திறக்காது. என்ன ஆகும்? ஜிஎஃப்பி_கெர்னல் என்ற 'சிசி0' டெசிமலில் 3264. ஆகவே 3264 பைட் கேட்டதாக ஆகிறது. 4096 பைட் கேஷிலிருந்து ஒரு துண்டு வரும். ஃபிளாக் இடத்தில் இருக்கும் 64, ஹெக்ஸில் 40, அதாவது ஐஓ பிட் மட்டும். ரீகிளெய்ம் பிட் இரண்டும் இல்லை. கேட்டது 64, கிடைத்தது 4096, எல்லாம் ஒழுங்காக ஓடும். மெமரி நெருக்கடி வரும் நாளில் மட்டும் இந்த ஓர் இடம் முதல் ஆளாக விழும். கோடைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவியை ஓட்டினால் ஜிஎஃப்பி_டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். மேக் கட்டளையோடு 'சி=1' சேர்த்தால் போதும்; செய்கிறவர்கள்தான் குறைவு.

இனி 'நோ' விவகாரம். ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ் என்ற பெயரைப் பார்த்தால் 'ஃபைல் சிஸ்டத்துக்குள் போகாதே' என்று ஒரு தடை பிட் இருப்பது போலத் தோன்றும். அப்படி ஒரு பிட் கிடையாது. ஜிஎஃப்பி_கெர்னலிலிருந்து எஃப்எஸ் பிட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவதற்குத்தான் அந்தப் பெயர். பெயர் கழித்தலைச் சொல்கிறது, உள்ளே நடப்பது கூட்டல். விளைவு: ஏற்கெனவே ஜிஎஃப்பி_கெர்னல் இருக்கும் மாஸ்கோடு (பிட்டுகளின் தொகுப்போடு) ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ்-ஐ 'ஆர்' போட்டால், அதாவது இரண்டின் பிட்டுகளையும் சேர்த்தால், கிடைப்பது அப்பட்டமான ஜிஎஃப்பி_கெர்னல். தடை போட்டதாக எழுதினவர் நினைத்துக்கொண்டிருப்பார், கெர்னல் அதைப் பார்க்கவே பார்க்காது. ஜிஎஃப்பி_கெர்னலோடு ஜிஎஃப்பி_அடாமிக்கை 'ஆர்' போடுவதும் இப்படித்தான்: தூங்கும் அனுமதி அப்படியே நிற்கும், அதற்கு மேல் அவசரக் கையிருப்பிலிருந்து எடுக்கும் சலுகையும் சேரும். இரண்டு உலகத்தின் கெட்டதும் ஒரே மாஸ்கில். தடை வேண்டுமென்றால் மாஸ்கிலிருந்து __ஜிஎஃப்பி_எஃப்எஸ் பிட்டை 'ஆண்ட்-நாட்' செய்து எடுக்க வேண்டும்.

ஆனால் __ஜிஎஃப்பி_நோவார்ன், __ஜிஎஃப்பி_நோரீட்ரை, __ஜிஎஃப்பி_நோஃபெயில் எல்லாம் நிஜமான பிட்டுகள். அவற்றை 'ஆர்' போட்டால் சொன்னபடி வேலை செய்யும். ஆக, இரண்டு அண்டர்ஸ்கோரோடு வரும் 'நோ' கூட்ட வேண்டியது; அண்டர்ஸ்கோர் இல்லாத 'நோ' ஒன்று இல்லாமையின் பெயர், அதைக் கூட்ட முடியாது. ஒரே இரண்டெழுத்துக்கு எதிரெதிர் இலக்கணம். மொத்த ஜிஎஃப்பி குடும்பத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

இதன் இன்னொரு முகம், மாஸ்கைச் சோதிக்கும் இடத்தில் வரும். 'இந்த மாஸ்கில் ஜிஎஃப்பி_கெர்னல் இருக்கிறதா, இருந்தால் தூங்கலாம்' என்று 'ஆண்ட்' போட்டுப் பார்ப்பார்கள். 4.4-க்கு முன்னால் அடாமிக் வெறும் 20, கெர்னல் 'டி0' (10, 40, 80 மூன்றும்). இரண்டுக்கும் பொதுவான பிட் இல்லாததால் தப்பான சோதனைகூடச் சரியான விடையைத் தந்தது. இப்போது இரண்டிலும் 800 இருக்கிறது. அதே சோதனை அடாமிக்குக்கும் 'ஆமாம்' என்று சொல்லும், ஸ்பின்லாக்கை (பிடித்திருக்கும்போது தூங்கக்கூடாத லாக்) பிடித்துக்கொண்டே தூங்கப் போவீர்கள். இதற்கென்றே ஜிஎஃப்பி-ஃபிளாக்ஸ்-அலோ-பிளாக்கிங் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. டைரக்ட் ரீகிளெய்ம் பிட்டை மட்டும்தான் அது பார்க்கும். வேறு எதையும் நம்பாதீர்கள்.

4.4-இல் ஏன் இப்படிக் குழப்பினார்கள் என்று கேட்கலாம். குழப்பவில்லை, குழப்பத்தைப் பிரித்தார்கள். அதுவரை __ஜிஎஃப்பி_வெயிட் என்ற ஒரே பிட் இருந்தது. அது இல்லாவிட்டால் 'இந்த ஆள் தூங்க முடியாத இடத்தில் இருக்கிறான், பாவம், கையிருப்பைத் திறந்துவிடு' என்று அலோகேட்டர் (மெமரியைப் பங்கிடும் கெர்னல் பகுதி) முடிவு கட்டியது. ஆனால் வெயிட் பிட்டை எடுத்தவர்கள் எல்லாரும் அவசரக்காரர்கள் இல்லை. 'கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் சின்ன அளவு கேட்டுக்கொள்கிறேன், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்' என்கிறவர்களும் அதே பிட்டைத்தான் எடுத்தார்கள். தூங்க முடியாதவன், தூங்க விரும்பாதவன், கே-ஸ்வாப்-டியைக்கூட எழுப்ப வேண்டாம் என்கிறவன் என்று மூன்று பேர் ஒரே வாசலில் நின்றார்கள். கெர்னல் டெவலப்பர் மெல் கோர்மன் அதை டைரக்ட் ரீகிளெய்ம், கே-ஸ்வாப்-டி ரீகிளெய்ம் என்று இரண்டு பிட்டாகப் பிரித்து, இரண்டும் சேர்ந்ததற்கு __ஜிஎஃப்பி_ரீகிளெய்ம் என்று பெயர் வைத்தார். 'வெயிட்' கேட்கிறவனின் நிலைமையைச் சொன்னது. 'ரீகிளெய்ம்' அலோகேட்டர் என்ன செய்யும் என்பதைச் சொல்கிறது. கேட்கிறவன் யார் என்று சொல்லும் பெயரைவிட, கெர்னல் என்ன செய்யும் என்று சொல்லும் பெயர்தான் நின்று பிடிக்கிறது. ஜிஎஃப்பி பெயர்களில் பின்னால் மாறியவையும் மறைந்தவையும் பெரும்பாலும் முதல் வகைதான்.

அந்தப் பிரிவினைக்கு ஒரு பக்கவிளைவு. அதற்கு முன் ஜிஎஃப்பி_நோவெயிட்டின் மதிப்பே பூஜ்யம். சிலர் நேராக 0 என்று எழுதிவந்தார்கள், ஓடியது. இப்போது நோவெயிட்டில் கே-ஸ்வாப்-டி பிட் இருக்கிறது, 0-வில் இல்லை. வெளியே வைத்துப் பராமரிக்கும் பழைய டிரைவர் 0 அனுப்பினால் யாரும் கே-ஸ்வாப்-டியை எழுப்ப மாட்டார்கள், பின்னணியில் பக்கங்கள் விடுவிக்கப்படாது, அடுத்தடுத்த கோரிக்கையும் தோற்கும். இன்றைய நோவெயிட்டில் நோவார்னும் அடக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்: தோற்றால் லாகில் சத்தமே வராது, ரிட்டர்ன் வேல்யூவை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

__ஜிஎஃப்பி_ஹை என்றால் என்ன? உயர்ந்த முன்னுரிமை. காலி மெமரிக்கான 'மின்' (குறைந்தபட்ச) வாட்டர்மார்க்குக்குக் கீழேயும் இறங்கி எடுக்கலாம் என்ற சலுகை. __ஜிஎஃப்பி_ஹைமெம் என்றால்? 32-பிட் கெர்னலில் நேராக மேப் ஆகாத மேல்பகுதி மெமரி. ஆங்கிலத்தில் முதல் நாலு எழுத்தும் (HIGH) ஒன்று, ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஜிஎஃப்பி_ஹையூசரில் வரும் 'ஹை' இரண்டாவது வகை. ரிவ்யூ செய்யும்போது 'ஹை' என்று எங்கு பார்த்தாலும் ஒரு நொடி நிற்பது நல்லது.

ஜிஎஃப்பி_டிஎம்ஏ இதைவிட அதிகம் பேரைத் தடுக்கி விழச் செய்திருக்கிறது. டிஎம்ஏ என்பது சிபியூ வழியாகப் போகாமல் சாதனமே நேராக மெமரியைத் தொடுவது. 'என் கார்டு டிஎம்ஏ செய்கிறது, ஆகவே ஜிஎஃப்பி_டிஎம்ஏ' என்பது ரொம்ப இயல்பான யோசனை, முழுக்கத் தப்பு. எக்ஸ்86-இல் அது ஐஎஸ்ஏ பஸ் காலத்து முதல் 16 எம்பி-யைக் குறிக்கும். இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுக்கு அந்த 16 எம்பி-யில் இடம் கேட்பது, ஊரே காலியாகக் கிடக்கும்போது கோயில் வாசல் திண்ணையில்தான் படுப்பேன் என்று அடம்பிடிப்பது மாதிரி. ஆர்ம்64-இல் அதே பெயருக்கு அளவே வேறு: ராஸ்பெர்ரி பை 4-இல் சில சாதனங்களுக்கு முதல் 1 ஜிபி மட்டுமே எட்டும், அதற்காக அங்கே டிஎம்ஏ ஸோனை (அதற்கென்று ஒதுக்கிய மெமரிப் பகுதியை) 1 ஜிபி ஆக்கினார்கள். செய்ய வேண்டியது வேறு: சாதனத்தால் எத்தனை பிட் முகவரி எட்டும் என்பதை டிஎம்ஏ மாஸ்காகச் சொல்லிவிட்டு, டிஎம்ஏ-அலோக்-கோஹெரன்ட்டை ஜிஎஃப்பி_கெர்னலோடு கூப்பிடுவது. எந்த ஸோன் என்பதை டிஎம்ஏ அடுக்கு பார்த்துக்கொள்ளும். கே-மலாக்குக்கு டிஎம்ஏ32 கொடுப்பதில் அர்த்தமே இல்லை, அதற்கான ஸ்லாப் கேஷே கிடையாது.

செத்துப்போன பெயர்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஜிஎஃப்பி_டெம்பரரி: சீக்கிரம் விடுவிக்கப்படும் மெமரியை, விடுவிக்கக்கூடிய மற்ற பக்கங்களோடு சேர்த்து வைத்தால் துண்டு துண்டாவது குறையும் என்ற நோக்கத்தில் வந்தது. 'டெம்பரரி' என்றால் எவ்வளவு நேரம்? ஒரு மில்லி செகண்டா, ஒரு சிஸ்டம் கால் முடியும் வரையா, இடையில் தூங்கலாமா? எங்கும் எழுதி வைக்கவில்லை. அவரவர் தம் மெமரி டெம்பரரிதான் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு கெர்னல் டெவலப்பர் மிஷல் ஹோக்கோ 4.14-இல் அதை எடுத்துப் போட்டார். ஒருவர்கூட அதைத் தேடியதாகத் தெரியவில்லை.

மற்றது __ஜிஎஃப்பி_ரிபீட். 'விடாமல் முயற்சி செய்' என்று படிக்கத் தோன்றும். ஆனால் ஆர்டர் 3 வரை, அதாவது 4 கேபி பக்கம் எட்டு, மொத்தம் 32 கேபி வரை, ஜிஎஃப்பி_கெர்னல் கோரிக்கையை அலோகேட்டர் ஏற்கெனவே கிட்டத்தட்ட விடாமல்தான் முயன்றுகொண்டிருக்கிறது. அந்த அளவுக்குள் ரிபீட் எதையும் மாற்றவில்லை. அதற்கு மேல் போனால்தான் பலன். இது தெரியாமல் பல ஆர்க்கிடெக்சர்களின் பேஜ் டேபிள் கோடில், ஒரே ஒரு பக்கம் கேட்கும் இடத்திலெல்லாம் ரிபீட்டைத் தூவி வைத்திருந்தார்கள். ஹோக்கோ முதலில் அவற்றைக் களைந்தார், பிறகு 4.13-இல் பெயரை __ஜிஎஃப்பி_ரீட்ரை_மேஃபெயில் என்று மாற்றினார். நீளம்தான், ஆனால் முயற்சி செய்யும், தோற்கவும் தோற்கும் என்ற இரண்டு செய்தியும் பெயரிலேயே வந்துவிட்டது. பெரிய பஃபர் கேட்டு, கிடைக்காவிட்டால் சிதறிய பக்கங்களைச் சேர்த்துத் தரும் வி-மலாக்குக்குப் போகும் கோடுக்கு இது சரியான ஃபிளாக். நோஃபெயில் அப்படியல்ல, அது முடிவே இல்லாமல் சுற்றும். அதை அடாமிக்கோடு சேர்ப்பதில் பொருளே இல்லை: தூங்கவும் மாட்டேன், வெறுங்கையோடு திரும்பவும் மாட்டேன் என்றால் அலோகேட்டரிடம் பதில் இல்லை.

நோஎஃப்எஸ்-க்குத் திரும்புவோம். ஒரு ஃபைல் சிஸ்டம் டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்கும்போது மெமரி கேட்கிறது. மெமரி இல்லாததால் ரீகிளெய்ம் தொடங்குகிறது. ரீகிளெய்ம் ஐநோடுகளை (ஃபைல் விவரப் பதிவுகளை) கழிக்க அதே ஃபைல் சிஸ்டத்தைக் கூப்பிடுகிறது. அதற்கு அதே டிரான்ஸாக்‌ஷன் முடிய வேண்டும். முட்டிக்கொண்டு நிற்கும். இதைத் தவிர்க்கத்தான் நோஎஃப்எஸ். சிக்கல் என்னவென்றால், நாலு ஃபங்ஷன் ஆழத்தில் இருக்கும் கே-மலாக்குக்கு, மேலே டிரான்ஸாக்‌ஷன் திறந்திருக்கிறது என்று தெரியாது. தெரியாதவர்கள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எங்கும் நோஎஃப்எஸ் போட்டார்கள். ரீகிளெய்மின் கை கட்டுப்பட்டது. இன்னொரு பக்கம் வி-மலாக்குக்கு நோஎஃப்எஸ் கொடுத்தாலும், அது உள்ளே பேஜ் டேபிளுக்குக் கேட்கும்போது ஜிஎஃப்பி_கெர்னலையே பயன்படுத்தியது. ஃபிளாக் போட்டும் பயனில்லை.

தீர்வு ஃபிளாக்கில் இல்லை என்று ஆனது. 4.12-இல் மெம்அலோக்_நோஎஃப்எஸ்_சேவ், அதன் ஜோடி ரிஸ்டோர். டிரான்ஸாக்‌ஷன் தொடங்கும் இடத்தில் சேவ், முடியும் இடத்தில் ரிஸ்டோர். நடுவில் அந்த டாஸ்க் கேட்கும் எந்தக் கோரிக்கையிலிருந்தும் எஃப்எஸ் பிட்டைக் கெர்னலே கழித்துவிடும். ஐஓ-வுக்கு இதே ஏற்பாடு 3.9-இலேயே வந்துவிட்டது. சேவ் திருப்பித் தரும் மதிப்பை ஒரு வேரியபிளில் வைத்து, அதையே ரிஸ்டோருக்குக் கொடுக்க வேண்டும். வெளியே ஏற்கெனவே ஒரு சேவ் நடந்திருக்கலாம், நீங்களாக ஒரு மதிப்பைக் கொடுத்தால் அந்தத் தடையின் கணக்கும் குழம்பிவிடும். எர்ரர் வந்து நடுவில் வெளியேறும் 'கோட்டு' (goto) பாதையில் ரிஸ்டோரை மறப்பதுதான் வழக்கமான பிழை.

மற்ற கெர்னல்களில் பெயர் குறைவு, அதனால் நிம்மதி அதிகம். ஃப்ரீபிஎஸ்டி-யில் எம்_வெயிட்ஓகே, எம்_நோவெயிட் இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெயிட்ஓகே நல் (NULL) பாயின்டரைத் திருப்பாது, நோவெயிட் திருப்பலாம். அங்கே நெட்வொர்க் எம்-பஃப்களுக்கு (பாக்கெட் வைக்கும் பஃபர்கள்) எம்_டோன்ட்வெயிட் என்று தனிப்பெயர் இருந்தது, 2012-இல் அதையும் நோவெயிட் ஆக்கிவிட்டார்கள். சோலாரிஸ் வழிவந்த இல்லுமோஸில் கேஎம்_ஸ்லீப், கேஎம்_நோஸ்லீப். இதில் ஸ்லீப்பின் மதிப்பு 0. ஸ்லீப் பிட் இருக்கிறதா என்று 'ஆண்ட்' போட்டால் எப்போதும் இல்லை என்றே வரும், நோஸ்லீப்பைத்தான் சோதிக்க வேண்டும். லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் தன் ஐரிக்ஸ் பூர்வீகத்தோடு கேஎம்_ பெயர்களைக் கொண்டுவந்து பல வருஷம் வைத்திருந்தது. அங்கே கேட்டால் கிடைத்தே தீரும் என்பது இயல்பு, தோற்கலாம் என்றால் கேஎம்_மேஃபெயில் என்று சொல்ல வேண்டும். ஒரே கெர்னலுக்குள் இரண்டு வேறு இயல்புகள். 6.9-இல்தான் அந்தப் போர்வை முழுதாகப் போனது. விண்டோஸின் எக்ஸ்-அலோகேட்-பூல்-2 பெயரிடலில் ஒரு நல்ல காரியம் செய்தது: பூஜ்யமாக்கித் தருவது இயல்பு, வேண்டாமென்றால் பூல்_ஃபிளாக்_அன்இனிஷியலைஸ்டு என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஆபத்தான பக்கத்துக்குத்தான் அங்கே நீளமான பெயர். லினக்ஸில் தலைகீழ், பூஜ்யம் வேண்டுமென்றால் __ஜிஎஃப்பி_ஜீரோ அல்லது கே-ஜெட்-அலோக் என்று கேட்க வேண்டும்.

கடைசியாக அடாமிக். __ஜிஎஃப்பி_அடாமிக் என்ற பிட்டை 6.3-இல் எடுத்துவிட்டார்கள், ஏ20 820 ஆனது அதனால்தான். ஜிஎஃப்பி_அடாமிக் என்ற கூட்டுப்பெயர் மட்டும் நிற்கிறது, அதுவும் முழு உண்மை சொல்வதில்லை. ரியல்டைம் கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக்கே தூங்கும் லாக். பேஜ் அலோகேட்டர் உள்ளே அந்த லாக்குகளை எடுக்கிறது. ஆகவே அங்கேயும் தூங்காத ரா-ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு ஜிஎஃப்பி_அடாமிக்கோடு கேட்பதும் தப்பு, என்எம்ஐ-க்குள்ளிருந்து (தடுக்க முடியாத இன்டரப்ட்) கேட்பதும் தப்பு. நோவெயிட்டுக்கும் இதே கதி. அந்த மாதிரி இடங்களிலிருந்து கேட்கவென்று பிபிஎஃப்-காரர்கள் (கெர்னலுக்குள் சிறு புரோகிராம்களை ஓட்டும் வசதியைக் கட்டுகிறவர்கள்) 2025-இல் ட்ரை_அலோக்_பேஜஸ் என்ற தனி ஃபங்ஷனைக் கொண்டுவந்தார்கள். ஸ்பின்-ட்ரைலாக்கில் இருக்கும் 'ட்ரை' போலவே இதுவும், இப்போது தோற்றால் கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டால் கிடைக்கும் என்று ஆட்கள் படித்துக்கொண்டார்கள். அது அப்படியில்லை. சீக்கிரமே பெயரை அலோக்_பேஜஸ்_நோலாக் என்று மாற்றினார்கள். அறிமுகமானபோது அதற்கு ஜிஎஃப்பி ஆர்குமென்ட்டே கிடையாது. நோட் எண், ஆர்டர், அவ்வளவுதான்.